கை வைத்தால் ஏறும் குரல்

அமெரிக்காவில் கயூகா ஏரிக்கரையில், பழைய தீவனக் கடையைப் பட்டறையாக்கி சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவி செய்து விற்ற சின்னக் கம்பெனி அது. ஃபில்டருக்குச் சுருதி சேர்ப்பது வில்மாவின் வேலை. ஃபில்டர் போடாத சிந்தசைசரைக் கேட்டவர்கள் போன பிறவியில் ஏதோ பாவம் செய்தவர்கள். தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட சத்தம் அது. ஃபில்டர்தான் அதற்கு வாய். மூடினால் 'ஊ', திறந்தால் 'ஆ'. அந்த வாய் எப்படித் திறக்கிறது என்பதில்தான் ஒரு கருவியின் குணமே இருக்கிறது.

அந்த வாயை வடிவமைத்தவன் அவள் கணவன் ஹார்லன். டிரான்சிஸ்டர்களை நாலு படி ஏணியாக அடுக்கினான். படிக்குப் படி சத்தத்தின் கூர்மை உதிர்ந்து, கடைசியில் வெண்ணெயாய் வரும். கூடவே ஒரு குமிழ். அதை முழுக்கத் திருப்பினால், எந்தச் சத்தமும் உள்ளே போகாமலே ஃபில்டர் தானாகப் பாடும். அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள்.

பிடித்த சனியன் சூடுதான். ஆள் கிட்டே வந்தால் உடம்புச் சூட்டுக்கே சுருதி ஏறும், விலகினால் இறங்கும். மேடை விளக்கில் மானம் போகிறது என்று வாங்கியவர்கள் ஏசினார்கள். ஹார்லன் வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினான்.

"உன்னைக் கண்டாலே இந்த மூதேவி கத்துது பாரு, வில்மா. என்னைய மாதிரியே!"

அக்டோபரில் மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது.

அதற்கப்புறம் அவன் செய்த முதல் ஃபில்டர் போர்டை வில்மா தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தால் குரல் ஏறும். எழுந்தால், கோபித்துக்கொண்டவன்போல மெல்ல இறங்கும். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மார்ச்சில் முதலாளி லெஸ்டர் ஒரு பொட்டலத்தோடு வந்தான். மேலே ஹார்லனின் பெயர்.

"அவர் கேட்டிருந்த ரெசிஸ்டர், இப்பத்தான் வந்திருக்கு. சூடு ஒரு பக்கம் இழுத்தா இது மறுபக்கம் இழுக்குமாம். அவரோட போர்டுலயே போட்டுப் பாருங்க."

"வேற போர்டுல போடக் கூடாதா?"

"அதுலதானே கோளாறு பளிச்சுனு தெரியும்? ஏன், ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாகும்வரை அவன் தேடியது இதைத்தானே? டிரான்சிஸ்டர்களின் முதுகில் அதை ஒட்டி, பசை காயும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அதன் கம்பிக் கால்களை ஈயத்தால் பற்றவைத்தாள். குமிழைத் திருப்பினாள்.

பாடியது. கன்னத்தைத் தாங்குவதுபோல் உள்ளங்கையைக் குவித்து அருகே கொண்டுபோனாள். ஏறவில்லை.

"என்னாச்சு?"

"நிக்குது, லெஸ்டர். அசையல."

"அடி சக்கை! ஹார்லன் ஜெயிச்சுட்டாரு!"

"ஆமா. ஜெயிச்சுட்டாரு."

லெஸ்டர் போன் செய்ய ஓடினான். வில்மா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தாள். அங்கே நின்று காத்திருந்தாள்.

குரல் இறங்கவில்லை.