அழுதால் மல்லாட்டை உரிக்க வேண்டும்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். திண்டிவனத்தில் அரிசி ஆலை, விழுப்புரத்தில் லாட்ஜ், எல்லாம் ஒண்டியாகக் கட்டினேன். ஆகவே, எங்கள் ஆலையில் நெல் காயவைக்கும், மார்பகப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தைரியம் சொல்ல என்னைவிட்டால் யார் என்று ஆப்பிளோடு போனேன்.

தலையிலும் புருவத்திலும் முடியில்லை. பார்க்க வந்து அழுகிறவர் மடியில், விதைக்கு வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நிறைந்த முறத்தை உரிக்கச் சொல்லி வைத்துவிடுவது அவர் வழக்கம்.

"தைரியமா இரும்மா" என்று ஆரம்பித்தவன் நானே அழுதுவிட்டேன். முறம் வந்தது.

"நீங்களுமா மொதலாளி? அழுதுக்கினே உரிங்க. வர்றவங்களத் தேத்தியே ஓஞ்சிட்டேன். நாளைக்கு ஊசிக்குத் தெம்பு வேணாமா?"

உரித்தேன். விதையெல்லாம் உடைந்தது.

"ஆலை கட்டினவருக்கு மல்லாட்டை உரிக்கத் தெரியல பாரு!" என்று குலுங்கிச் சிரித்தார். நோய் வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு என்றாள் அவர் மகள்.

மனதைத் தானே தேற்றிக்கொண்டவர் என்று ஊர் அவரைப் புகழ்கிறது. புகழட்டும். சிரிக்க வைத்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.