ஸ்டெல்லா அக்காவின் கேள்விக்கு வந்த கட்டைவிரல்

மன்னிக்கவும். நான் இங்கே எழுதுகிறவள் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துகூட இன்பாக்ஸில்தான் சொல்வேன்.

ஸ்டெல்லா அக்கா நேற்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வந்து பார்த்தால் ஆபீஸ் மெயில். "நமது கேட் கவுன்டர் ஊழியர் ஸ்டெல்லா அவர்கள்..." ஒரே வரி.

கேட் கவுன்டர் ஊழியரா?

திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டு இன்று ஓடுகிறதே, அதன் கிளவுட் ஃபைல்களில் பாதியை எழுதியவர் அவர். மீதியை நான் எழுதினேன். போய்ப் பாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பெயர் இருக்கும்.

வெளியாட்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். லாரி உள்ளே நுழைந்ததும் கேமரா நம்பரைப் படிக்கும். "லாரி வந்தது" என்று கிளவுடில் ஒரு சேதி விழும். அதைக் கேட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று டிரைவர் போனுக்கு ஒரு மெசேஜ், கிரேன் ஆபரேட்டருக்கு ஒன்று, செக்யூரிட்டிக்கு ஒன்று.

இந்த ஏற்பாட்டை நாங்கள் திரையில் கிளிக் செய்து உருவாக்குவதில்லை. ஃபைலில் எழுதிவைப்போம். அப்ளை கொடுத்தால் ஃபைலில் உள்ளபடி கிளவுட் மாறிக்கொள்ளும். நடுவில் யாராவது கையால் எதையாவது மாற்றியிருந்தால் அது போய்விடும்.

அக்கா எட்டு வருடம் கேட்டில் பாஸ் எழுதிவிட்டு, தானே படித்து, மாடியில் எங்கள் டீமுக்கு வந்தவர்.

முதல் டெமோவில் யார்டு மேனேஜர் கேட்டார், "ஒவ்வொருத்தருக்கும் நேரா சொல்லிடலாமே, எதுக்கு இந்தச் சுத்து?" நான் அடுத்த ஸ்லைடைத் தேடினேன்.

அக்கா எழுந்தார். "காசிமேட்டுல ஏலம் வுடறவன் இன்னா சார் பண்றான்? வஞ்சிரம் வந்துச்சுன்னு கூவறான். ஐஸ்காரன், வேன்காரன்னு பேரு சொல்லியா கூப்புடறான்? வேணுங்கறவன் ஓடியாறான். அதான் இது. லாரி கூவும். கேக்க வேண்டியவன் கேட்டுக்குவான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் டீம் லீட், "மேனேஜர் முன்னாடி கொஞ்சம் டீசன்ட்டா பேசுங்க" என்றார்.

"டீசன்ட்டாதான் சார் கூவினேன்."

சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவைத் திறந்தால் சிலர் ஜன்னலைத் திறப்பார்கள். "மணலி ரிஃபைனரி காத்தைக் காலைலருந்து இஸ்துகினு கீறீங்கோ... என் நெத்திலிதான் கலீஜா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு கரண்டி வைப்பார்.

சரி. சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

போன வருடம் யார்டுக்கு டேங்கர் லாரிகளும் வர ஆரம்பித்தன. டீம் லீட் அவசரத்தில் கிளவுட் திரைக்கே போய், டிரைவருக்கு மெசேஜ் அனுப்பும் ரூலில் டேங்கரைக் கையால் சேர்த்தார். ஃபைலில் எழுதவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, அக்கா வேறொரு சின்ன மாற்றத்துக்கு அப்ளை கொடுக்கப் போனார். கொடுக்கும் முன்னால் என்னென்ன மாறும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டேங்கர் அழியும் என்று இருந்தது. அக்கா நிறுத்தினார். டீம் குரூப்பில் கேட்டார்.

"சார், ரூல்ல டேங்கர்னு ஒண்ணு கீது. நம்ம ஃபைல்ல இல்ல. அப்ளை குடுத்தா பூடும். குடுக்கட்டுமா?"

பதிலுக்கு டீம் லீட் ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டார். கேள்வியைப் படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அக்கா அப்ளை கொடுத்தார். அன்று மதியத்திலிருந்து ஒரு டேங்கர் டிரைவருக்கும் மெசேஜ் போகவில்லை. முன்னால் வந்தவர்கள் எங்கே போவதென்று தெரியாமல் கேட்டிலேயே நிற்க, பின்னால் வந்தவர்கள் எண்ணூர் ஹைவேயில் வரிசையாக நின்றார்கள், வெயிலில், சாயங்காலம் வரை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் டீம் லீட் சொன்னார், "நான் பதில் சொல்றதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிட்டாங்க."

குரூப்பில் அக்காவின் கேள்வி இருந்தது. கட்டைவிரல் இல்லை. எடுத்துவிட்டிருந்தார்.

எட்டுப் பேர் இருந்தோம். அந்தக் கட்டைவிரலைச் சனிக்கிழமையே பார்த்தவர்கள் என்னையும் சேர்த்து நாலு பேராவது இருப்போம். புரியாததை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் நிதானமாகப் படிப்பது என் வழக்கம். அந்தக் கட்டைவிரலோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட் என் போனிலேயே இருந்தது.

மீட்டிங் இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த வேலை போய்விட்டால்... என்று ஒரு பயம். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ரிப்போர்ட்டில் "காரணம்: ஸ்டெல்லா, அனுமதியின்றி அப்ளை செய்தது" என்று ஏறியது. அடுத்த வாரம் அக்காவைத் திரும்பவும் கேட் கவுன்டருக்கு அனுப்பினார்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வுடு மே. பேசியிருந்தா உன்னியும் கீய என் பக்கத்துலயே குந்த வெச்சிருப்பானுங்கோ" என்றார்.

ஆனால் விடவில்லை. நான் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் கவுன்டர் கம்பிக்குள்ளிருந்து கேட்பார், "இன்னா மே... ரிப்போர்ட்டுல இன்னும் என் பேர்தான் கீதா?"

போன வியாழக்கிழமையும் கேட்டார். "ஆமாக்கா" என்றேன். "சரி, போ. பஸ்ஸு வந்துறப் போவுது."

எட்டு வருடம் கேட்டில், மூன்று வருடம் மாடியில், மறுபடியும் கேட்டில். இதில் அந்த மூன்று வருடத்தை ஒரு வரி மெயிலில் அழித்துவிட்டீர்கள்.

போய் வாங்க அக்கா. ஒரு வருடம் தாமதமாகப் பேசுகிறேன்.

கடைசியாக என் டீமுக்கு மட்டும் ஒன்று. அந்த ரிப்போர்ட்டும் நம் ஃபைல்களோடுதான் இருக்கிறது. இதைப் போடுவதற்கு முன்னால் காரணத்தைத் திருத்தி, ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, என் பெயரிலேயே ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரே ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும், மாறிவிடும்.

தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் போடாதீர்கள். அங்கே போய்ப் போடுங்கள்.