உயராத அக்லோனிமா

கண்டெய்னர் யார்டில் என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது. பச்சையாக ஏதாவது கண்ணில் பட்டால் தேவலை என்று சிவப்பு இலை அக்லோனிமா ஒன்றை வாங்கி வைத்தேன். வெயில் இல்லாவிட்டாலும் பிழைக்கும் செடி அது. பிழைக்கவும் செய்தது. ஆனால் தண்டு நீண்டுகொண்டே போய், கடைசியில் பிரிண்டர் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது. பில் வாங்க வரும் டிரைவர்கள் இலையை விலக்கித்தான் காகிதத்தை உருவ வேண்டியிருந்தது.

இதே சிவப்பு, ஆனால் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாத செடி கிடைக்குமா என்று நர்சரிகளில் அலைந்தேன். சின்னதாக விற்றதெல்லாம் சின்ன வயதுச் செடிகள். நாள்பட்டால் அவையும் நீளும். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு பில் போடும் வேலைக்கு வந்தவள் நான். படித்தது உள்ளே எங்கேயோ கிடந்து அரிக்கத் தொடங்கியது. இல்லாவிட்டால் என்ன, நாமே உண்டாக்கிப் பார்ப்போமே என்று தோன்றியது. அதன்பிறகு நான் ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரவில்லை.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி, சிவப்புச் செடிகளையும், குட்டையாக வளர்ந்தாலும் நிறமே இல்லாத ஒரு பச்சை ரகத்தையும் வளர்த்தேன். இரண்டையும் கலக்க வேண்டும். அக்லோனிமாவின் பூ பார்வைக்கு ஒன்றுமில்லை. வெளிறிய ஒரு மடலுக்குள் சுண்டுவிரல் மாதிரி ஒரு தண்டு. அதன் அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள். பெண் பூ தயாராகும்போது மேலே மகரந்தம் இருக்காது. மகரந்தம் உதிரும்போது கீழே பருவம் முடிந்திருக்கும். ஆகவே முன்னதாகப் பூத்த செடியில் எடுத்து, அப்போதுதான் மடல் விரிக்கும் செடியில் தடவ வேண்டும். அந்தப் பொழுது தவறிவிடுமோ என்ற பயத்தில் பல் துலக்குவதற்கு முன்பே மாடியேறுவேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறுபடி ஏறுவேன். சோறு குழைந்த நாட்கள் நிறைய.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கண்மை பிரஷ்ஷும் கையுமாக நான் செடி முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாடி, செடிக்கு மை வெச்சுகினு கீற?"

"பேசாதீங்க, தூள் பறந்துடும்," என்றேன்.

பல பூக்கள் வீணாயின. கடைசியில் ஒரு தண்டில் பச்சைக் காய்கள் பிடித்தன. அணில் கொத்தாமல் இருக்கப் பூண்டு வாங்கிய வலைப்பையை அதன்மேல் கட்டினேன். மாதக்கணக்கில் காத்திருந்து, காய் சிவந்ததும் விதைகளைக் கழுவித் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தட்டில் புதைத்தேன். ஆனால் புதைத்ததை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியவில்லை. விரலால் கிளறிப் பார்ப்பேன், மூடுவேன், திரும்பவும் கிளறுவேன். கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தட்டைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்.

"மொளச்சா நானே சொல்றேன். அதுவரிக்கும் கைய வெச்சே, கெட்ட கோவம் வரும் எனுக்கு."

எனக்கு எட்டாத உயரம். தினமும் அவர்தான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பார். கீழே நின்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலேயிருந்து கத்தினார்: "ஏய், வா வா! மூக்க நீட்டுது பாரு!" நான் ஏறிப் பார்ப்பதற்கு ஸ்டூலை விட்டு இறங்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

நாற்றுகள் ஒவ்வொன்றும் ஒரு விதமாக வந்தன. எங்கள் பக்கத்துக் காற்றில் வரும் கரித்தூள் படிந்து இலைகள் கறுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால்தான் என்ன நிறம் என்றே தெரியும். பெரும்பாலானவை சும்மா பச்சை. சில மளமளவென்று உயர்ந்தன. நான்கைந்து மட்டும் சிவப்பு நரம்போடு தரையை ஒட்டி நின்றன. ஆனால் மாடியில் நல்ல வெளிச்சம். வெளிச்சம் போதாத இடத்தில்தானே இந்தச் செடி நீளும்? இருட்டான வீட்டிலும் குட்டையாக நின்றால்தான் குட்டை ரகம்.

தெரிந்தவர்களின் இருட்டான வீடுகளுக்கு அவற்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? ராயபுரத்தில் சித்தி வீட்டுக்கு வாராவாரம் போய் நின்றேன். "நீ என்னப் பாக்க வர்றியா, இத்தப் பாக்க வர்றியா?" என்று சித்தி சலித்துக்கொண்டாள். நான் செடியை விரலால் அளந்தேன். அது உயர்ந்திருந்தது. மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

ஒன்றே ஒன்று குட்டையாகவே நின்றது. எங்கள் யார்டு கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் பெண்ணின் வீட்டில். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை. பகலிலும் லைட் போட வேண்டும். டி.வி. பக்கத்தில் செடி அடர்த்தியாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சோக்கா கீதுல்லக்கா?" என்றாள் பெருமையாக. "தலைய மட்டும் அப்பப்போ கிள்ளி வுட்டுகினு இருந்தேன். டி.வி.ய மறைக்கக்கூடாதுல்ல?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிள்ளினால் எந்தச் செடியும் குட்டையாகத்தான் நிற்கும். இத்தனை நாள் காத்திருந்தது வீண். விஷயம் புரிந்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீ சொல்லவே இல்லியேக்கா, கிள்ளாதன்னு."

உண்மைதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. திட்டவும் முடியவில்லை. அவள்தான் முதலில் தேறினாள். அடியிலிருந்து ஒரு கன்றைப் பிரித்து வேறு தொட்டியில் வைத்தோம். பின்னால் சுவரில் ஒரு சாண் உயரத்தில் அவள் பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள். "இனிமே இத்த எவன் தொட்டாலும் கை இருக்காது," என்று குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகும் தன் மகளிடமே சவால் விட்டாள்.

ஒரு மழைக்காலம் போய், வெயில் போய், அடுத்த மழையும் வந்தது. யார்டு கேட்டில் தினமும் அவள் என் பையைச் சோதிப்பதற்கு முன்பே நான் பார்வையால் அவளைக் கேட்பேன். கோட்டுக்குக் கீழேதான் என்று கையைத் தாழ்த்திக் காட்டுவாள். அந்தக் கன்று கோட்டைத் தாண்டவே இல்லை. அதிலிருந்து பிரித்த கன்றுகளும், சித்தி வீட்டின் இருட்டு மூலையில் வைத்தது உட்பட, எதுவும் உயரவில்லை. மாதவரத்தில் ஒரு நர்சரிக்காரர் சில கன்றுகளை வாங்கிக்கொண்டு, குட்டை ரகம்தானா என்று இன்னொரு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னொரு வருஷம்!

போன வாரம் வியாசர்பாடிக்குப் போயிருந்தேன். இருட்டில் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. வேறொரு அடர்சிவப்போடு மறுபடி கலந்தால் சரியாகுமோ என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் டீ டம்ளரை என் கையில் திணித்தாள். "யக்கா, ஒரு நாளாவது குந்திகினு அத்தப் பாத்துக்கீறியா நீ?"

உட்கார்ந்தேன். டீ ஆறும்வரை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இளஞ்சிவப்பு என்பது சிவப்பு இல்லையே.