வாழை போய் நாணல் வந்த இரண்டரை ஏக்கர்

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை மணி 4.50. மார்கழியில் மிச்சம் மூன்றே நாள். பிளாட்பாரத்துப் பெஞ்சுகளெல்லாம் பனியில் நனைந்திருந்தன. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு கடையில் இருபது ரூபாய்க்குக் காபி குடித்துவிட்டு, நூற்றிருபது ரூபாய் பேசி ஆட்டோ பிடித்துத் திருவானைக்காவல் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து கல்லணை போகும் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் அதற்குச் செலவில்லை.

எங்கே போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கிளிக்கூடு கிராமத்துக்குக் கிழக்கே எங்கள் அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கர் இருக்கிறது. எனக்கும் என் தம்பி முருகேசனுக்கும் சரிபாதி. நான் கல்யாணமாகி சென்னை அம்பத்தூருக்குப் போய், அங்கேயே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பி துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி செல்விதான்.

ஒரு வருஷம் கொள்ளிடத்து வெள்ளம் கரையேறி வாழையை அடித்துக்கொண்டு போனது. வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல். அடுத்த முறை வைத்த வாழை, தார் தள்ளிய நேரத்தில் காற்றில் சாய்ந்தது. அப்போதுதான் செல்வி போனில் சொன்னாள்: “அண்ணி, இனிமே இதுல ஒண்ணும் வைக்கப் போறதில்ல. அது போக்குல விட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்.”

“வேலை செய்ய வணங்காம காடுன்னு பேர் வைக்கிறியா?” என்று கேட்டுவிட்டு நான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்த நிலத்தில் நான் கால் வைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று சொந்தங்களை வெளியில் பார்த்ததோடு சரி.

இப்போது வந்ததற்குக் காரணம், பக்கத்து வயல்காரர் தங்கராசு. போன மாதம் கூப்பிட்டார். “உங்க பங்கை எனக்குக் குத்தகைக்கு விடுங்கக்கா. தை பொறந்ததும் ஜேசிபி விட்டுச் சமன் பண்ணி வாழை வச்சுக்கறேன். சும்மாதானே கிடக்கு?” நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் பாதி சம்மதம்தான்.

பஸ்ஸில் கண்டக்டரிடம், கிளிக்கூடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறக்கிவிடச் சொன்னேன்.

“வாத்து வர்ற இடத்துக்கா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. “வாழைத் தோட்டமா இருந்துச்சுங்க, முன்னாடி.”

“அதேதாம்மா. ஞாயித்துக்கிழமையானா கேமராவ மாட்டிக்கிட்டு நாலு பேராவது அங்க இறங்குறாங்க. செல்வியம்மா வீடுதானே?”

நான் பிறந்து வளர்ந்த இடத்துக்கு எனக்கே ஒருவர் வழி சொல்கிறார். திருவானைக்காவலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பனி இன்னும் விலகவில்லை. வலப்பக்கம் காவிரி இருப்பது காற்றின் ஈரத்தில்தான் தெரிந்தது.

காலை 7.15. செல்வி ரோட்டிலேயே நின்றிருந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் தம்பியின் காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர். என் பையை வாங்கிக்கொண்டு, “டிபன் சாப்பிட்டுட்டுப் போவோமா, நேரா போவோமா அண்ணி?” என்றாள். நேராகப் போனோம்.

வரப்பின் இரண்டு பக்கமும் அடுத்தவர்களின் வாழை. பச்சைப் பசேலென்று வரிசை பிடித்து நின்றது. எங்கள் எல்லைக்கல் வந்ததும் வரிசை முடிந்தது. ஆள் உயரத்துக்கு நாணல். வெண்பூக்கள் பனியில் ஒட்டிக்கொண்டு தலை தொங்கின. நடுவில் இருவர் ஒட்டி நடக்கிற அளவுக்கு ஒரு தடம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா மண்வெட்டி பிடித்த மண் இப்படி ஆகிவிட்டதே என்று. வாயைத் திறக்கப் போனேன். செல்வி என் கையை அழுத்தி நிறுத்தினாள்.

தலைக்கு மேல் ஒரு பருந்து நாணலை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து வந்தது. இறக்கையை மேல்நோக்கித் தூக்கி, பக்கவாட்டில் ஆடி ஆடி, கீழே எதையோ தேடிக்கொண்டே போனது. “சேற்றுப் பூனைப்பருந்து. ஐப்பசியில வரும், பங்குனியில கிளம்பிடும். எலிதான் அதுக்கு” என்றாள் செல்வி.

வெள்ளம் குடைந்த பள்ளம் இப்போது குட்டை. முக்கால் ஏக்கர் இருக்கும், முழுக்க என் பங்கில் விழுகிறது. கரையில் சணல் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். பனி விலக விலகத் தண்ணீரில் புள்ளிகள் தெரிந்தன. நீலச்சிறகு வாத்துகள், நாற்பதுக்கு மேல். சேற்றில் உள்ளான்கள். கரையோரம் வாலாட்டிகள் ஓடி நின்று, ஓடி நின்று வாலை ஆட்டின. மருதங்கன்றின் உச்சியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் நெருக்கிக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தன.

“நீ என்னெல்லாம் நட்ட?” என்று கேட்டேன்.

“ஆறு மருதங்கன்னு. அவ்வளவுதான் அண்ணி. பிடுங்கினதுதான் ஜாஸ்தி.” கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் வெள்ளையாகத் தழும்புகள். மணலில் முதலில் கிளம்பியது சீமைக்கருவேல் முள்தானாம். இரண்டு வருஷம், தினமும் காலையில் இரண்டு மணி நேரம், வேரோடு பிடுங்கியிருக்கிறாள். விட்டிருந்தால் வேறு எதுவும் முளைத்திருக்காது. முதல் குளிர்காலத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் வாலாட்டி. வாத்துகள் ஐந்தாவது வருஷம்தான் இறங்கின. பேர் தெரியாத பறவையைப் போனில் படமெடுத்து, பறவை பார்க்கிறவர்களின் குழுவில் போட்டுக் கேட்டுக்கொள்வாள்.

வேலை செய்ய வணங்காதவள் என்று நான் சொன்னது இவளைத்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், காலை 6.00. குட்டையின் தெற்குக் கரையில் செல்வி ஒன்றைக் காட்டினாள். ஈரமணலில் ஐந்து விரல் பதிந்த தடம், விரல்களுக்கு நடுவே சவ்வு. பக்கத்தில் நண்டின் ஓடும் மீன் செதிலும் கலந்த எச்சம். “நீர்நாய். கொள்ளிடத்துலேர்ந்து வாய்க்கால் வழியா வருது. மூணு வாரமா தடம் மட்டும் பாக்கறேன். ஆளைப் பாக்க முடியல” என்றாள். ஒன்பது மணிவரை காத்திருந்தோம். வரவில்லை.

மாலையில் தங்கராசு வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது, சுறுசுறுப்பான மனிதர். நாலு ஏக்கர் வாழை அவருடையது. காபியைக் கையில் வைத்துக்கொண்டே, “உங்க காட்டுல எலி குட்டி போட்டு என் வாழைக்கன்னைக் கடிக்குதுக்கா. பாம்பு வேற. முடிவைச் சொல்லுங்க, நான் ஜேசிபிக்குச் சொல்லணும்” என்றார்.

“எலி எல்லா வயல்லயும்தான் இருக்குண்ணே. இங்க அதைத் தின்ன பருந்தும் ஆந்தையும் இருக்கு” என்றாள் செல்வி.

“நீ சும்மா இரும்மா. பங்கு அக்காவோடது.”

செல்வி எழுந்து உள்ளே போனாள். பங்கு என்னுடையது என்பது உண்மை. குட்டையை மூடச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது, தடுக்க அவளுக்கு இல்லை. அது தெரிந்தேதான் அவள் முள் பிடுங்கியிருக்கிறாள். “பொங்கலன்னிக்குச் சொல்றேன் தங்கராசு” என்று அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள், போகி. காலை 7.20. தம்பி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். வாசல் தெளித்துக்கொண்டிருந்த செல்வி திடீரென்று நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினாள். “இது வீட்டுப் புகை இல்ல” என்றவள், வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன்.

தங்கராசுவின் வரப்பில் காய்ந்த வாழைச் சருகைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். வாடைக்காற்று நெருப்பை எங்கள் பக்கம் தள்ளிவிட்டது. காய்ந்த நாணல் படபடவென்று வெடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தெரு அகலத்துக்குத் தீ. புகைக்குள் கரிச்சான்கள் பாய்ந்து பாய்ந்து, தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடித்தன. ஒரு முயல் என் காலை உரசிக்கொண்டு ஓடியது. குட்டையிலிருந்து வாத்துகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றிக் கொள்ளிடம் பக்கம் போய்விட்டன.

செல்வி சாக்கைக் குட்டையில் நனைத்து நெருப்பை அடித்தாள். நான் இன்னொன்றை நனைத்தேன். அறுபது வயதில் எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இரண்டு பேர் அடித்து நிற்கிற தீ இல்லை அது.

அப்போது தங்கராசு வந்தார். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். குளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்திருக்கிறார். “மோட்டாரைப் போடுறா!” என்று தன் ஆளிடம் கத்திவிட்டு, நூறு அடி ஹோஸ் பைப்பைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் வர ஐந்து நிமிஷமானது. அந்த ஐந்து நிமிஷமும் பச்சை வாழைமட்டையால் எங்களோடு சேர்ந்து அடித்தார். கையில் கொப்புளம் போட்டும் நிறுத்தவில்லை. எட்டு மணிக்குத் தீ அடங்கியது. கால் ஏக்கர் கரி. குட்டைக்கு இருபதடி தூரத்தில் நின்றிருந்தது.

“வேணும்னு வைக்கலக்கா. ஆளுங்க தெரியாம... சத்தியமா” என்றார் தங்கராசு. அவர் கண்கள் சிவந்திருந்தன, புகை மட்டும் காரணமில்லை.

செல்வி அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “முதல்ல தண்ணியில வைங்கண்ணே” என்றாள். பிறகு கரிந்த இடத்தின் ஓரத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய், “எதையும் மூடப் போறதில்ல செல்வி. என் பங்கும் உன் கையிலதான்” என்றேன். அவள் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பொங்கல் நாள், காலை 6.30. புதுப்புடவையோடு கரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வாத்துகூடத் திரும்பவில்லை. தங்கராசு இரண்டு சீப்புப் பழமும் ஒரு கட்டுக் கரும்பும் எடுத்துக்கொண்டு வந்தார், கையில் கட்டு. செல்வி அவரை உட்காரச் சொல்லி உதட்டில் விரல் வைத்தாள்.

எதிர்க்கரைக் கோரை அசைந்தது. தண்ணீரில் ஒரு தலை எழும்பியது. தட்டையான தலை, மீசை. பின்னால் இரண்டு சின்னத் தலைகள். தாய் ஒரு கெண்டையோடு கரையேறியது. குட்டிகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு அதன் மேல் ஏறி விழுந்தன. மீனைக் கடிக்கும் நறநறச் சத்தம் எங்கள் கரைவரை கேட்டது. பத்து நிமிஷம் இருந்திருக்கும். பிறகு வாய்க்கால் பக்கம் வரிசையாக நீந்திப் போய்விட்டன.

செல்வியின் கன்னம் நனைந்திருந்தது. பைனாகுலரை அவள் தொடவே இல்லை.

தங்கராசுதான் முதலில் பேசினார். “பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன். இதைப் பாத்ததே இல்லக்கா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க நாணலுக்கும் என் வரப்புக்கும் நடுவுல பத்தடி வெறும் இடமா விட்டுரணும். என் டிராக்டர்லயே உழுதுடறேன். என் பக்கத்துலேர்ந்து அஞ்சடி எடுத்துக்கலாம்” என்றார். ஜேசிபியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் கிளம்பும்முன் கரிந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சாம்பலில் வாலாட்டிகள் மேய்ந்தன, மேலே தகைவிலான்கள் சுற்றின. குட்டையில் ஏழு வாத்துகள். மற்றவையும் வரும் என்றாள் செல்வி. அவள் சொன்னால் நான் இனி நம்புவேன்.

எங்கள் அம்பத்தூர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடி ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசிப் பெட்டியும் அதன் மேல் புறாவும்தான். ஊரில் நிலம் இருக்கிறது என்று அங்கே யாரிடமும் நான் பெருமையாகச் சொன்னதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்ததுதான் உண்டு.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் உப்பிலியபுரத்துக்காரர். அங்கே நெல்லும் மரவள்ளியும் போட்டிருப்பதாகச் சொன்னார். கொள்ளிடம் பாலத்தில் வண்டி போகும்போது, “உங்களுக்கும் இந்தப் பக்கம் நிலம் இருக்காம்மா? என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் போடலைங்க. தானா வருது” என்றேன். அவருக்குப் புரியவில்லை. போனை எடுத்து, பொங்கலன்று கரையிலிருந்து நான் எடுத்த நீர்நாய்ப் படத்தைக் காட்டி, நடந்ததை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்: சீமைக்கருவேலைப் பிடுங்கியதிலிருந்து. விருத்தாசலம் வந்த பிறகும் நான் முடிக்கவில்லை.