படகுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே

ஷரோஃபத் பார்த்த காதல் படம் எல்லாவற்றிலும் நடுவே ஓர் ஓட்டை இருக்கும். உஸ்பெக் நாட்டின் கோகந்து நகரில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் அப்படித்தான். திரையில் காதலர்கள் நெருங்கும் நேரம் பார்த்து மாமியார் மஸ்தூரா, "மருமகளே, டீ ஆறிடுச்சு" என்பாள். அந்த நிமிஷம் போட்டுக் கொண்டுவந்த டீயாக இருந்தாலும் ஆறித்தான் போயிருக்கும். ஷரோஃபத் கெண்டியை எடுத்துக்கொண்டு முற்றம் தாண்டிச் சமையலறைக்குப் போவாள். திரும்பி வரும்போது படத்தில் ஒன்று கல்யாணம் முடிந்திருக்கும், அல்லது யாராவது செத்துப்போயிருப்பார்கள். பெரியவர்கள் நடுவே மருமகள் அந்தக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அழகில்லை. இதை அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றப் படங்களை அவள் பொருட்படுத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. குளிர்காலம் வந்தால் டிவியில் தவறாமல் போடும் ஒரு பழைய இந்தியப் படம், உஸ்பெக்கில் குரல் கொடுத்தது. வெள்ளத்தில் பிரிந்த இருவர். அவள் செத்துவிட்டாள் என்று நினைத்திருக்கும் அவன் தலை நரைத்தபின் ஊர் திரும்புகிறான். படகு கரையை நெருங்குகிறது, கரையில் அவள் நிற்கிறாள். டீ ஆறிவிடும். ஷரோஃபத் திரும்பி வரும்போது இருவரும் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருப்பார்கள்.

படகுக்கும் வண்டிக்கும் நடுவே என்ன நடந்தது? அவள் வேலை பார்க்கும் பாலர் பள்ளிச் சமையலறையில் கஞ்சி கிண்டும்போதெல்லாம் அந்தக் காட்சியை அவளே இட்டுக்கட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் அவன் அவள் காலில் விழுவான். இன்னொரு நாள் அவள் அவனை அறைவாள். எதுவும் பொருந்தாது. ஒருமுறை கணவனிடமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, கரையில என்னதான் ஆச்சு?"

"என்ன ஆகும்? சேந்துட்டாங்க."

எர்கஷ் மலைக் கணவாய் வழியாக நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். இரண்டு வார்த்தையில் முடிவதற்கு மூன்றாவதைச் செலவழிக்க மாட்டான். அவள் கெண்டியோடு திரும்பும்போதெல்லாம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டுதான் இருப்பான்.

அந்த ஜனவரியில், மார்கிலானில் தங்கையின் பேரனுக்குத் தொட்டில் விருந்து என்று மஸ்தூரா, ஷரோஃபத்தின் மகள் மாலிகாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"நான் இல்லைன்னு ரெண்டு பேரும் டிவி முன்னாடியே கெடக்காதீங்க. கோழிக்குத் தண்ணி வை."

"நீங்க போங்க அத்தே. கோழியும் நானும் பொழைச்சுக்குவோம்."

கணவாயில் பனி மூடியிருந்ததால் எர்கஷ் வீட்டில்தான் இருந்தான். மதியம் அதே படம் போட்டார்கள். கீழே தணல் வைத்த கணப்பு மேசைக்கு அடியில் கால்களை நீட்டி, அதன்மேல் விரித்த பஞ்சுப் போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஷரோஃபத் முன்கூட்டியே பெரிய கெண்டி நிறைய டீ போட்டு, பஞ்சு உறை மாட்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"இத்தனை டீ யாருக்கு? ஊரையே கூப்பிட்டிருக்கியா?"

"இன்னைக்கு எந்திரிக்கிறதா இல்லைங்க. கரண்டு மட்டும் போகாம இருந்தாப் போதும்."

அவன் சிரிக்கவில்லை. விதைத் தட்டைத் தள்ளி வைத்தான்.

கரண்டு போகவில்லை. படகு வந்தது. பழக்கத்தில் அவள் முழங்கால் தானாக எழப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். கரையில் நின்றவளின் முந்தானை காற்றில் பறந்தது. படகு மணலில் தட்டியது.

"மாலிகாம்மா, டீ ஆறிடுச்சு பாரு."

எர்கஷின் குரல். ஆனால் அவன் அம்மாவின் அதே வார்த்தை, அதே நேரம். ஷரோஃபத்தின் கை உறைக்குள் போய்க் கெண்டியைத் தொட்டது. சுட்டது.

"ஆறலையே" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

எர்கஷின் முகம் முழுக்க நனைந்திருந்தது. கணவாயில் லாரி சறுக்கி ஒரு பக்கம் தொங்கிய நாளிலும் கலங்காமல் வீட்டுக்கு வந்து சோறு கேட்ட முகம் அது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் அழுதது தெரிந்துவிடும் என்று நினைக்கும் குழந்தையைப் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை வருஷமாக மாமியார் எழுப்பி அனுப்பியது அவளுடைய வெட்கத்தைக் காக்க அல்ல என்று ஷரோஃபத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு தாய் தன் மகனின் அழுகையை அவன் மனைவியிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் படுத்து, சண்டை போட்டு, சட்டை துவைத்துப் போட்டுத் தெரிந்துகொண்டதாக அவள் நினைத்திருந்த மனிதனுக்குள் இப்படி ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பனி மலையை முதல் முறை கிட்டத்தில் பார்த்தவளைப் போல அவள் மூச்சு நின்றது. தொடவும் பயமாக இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அவள் நிதானமாக ஒரு கிண்ணத்தில் பாதி டீ ஊற்றி, பெரிய விருந்தாளிக்குத் தருவதுபோல் மரியாதையாக இடக்கையை நெஞ்சில் வைத்து அவனிடம் நீட்டினாள். அவன் திரும்பாமலே வாங்கிக்கொண்டான். திரையில் மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. நடுவில் நடந்ததை அவள் இந்த முறையும் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அந்தப் படம் மறுபடி வந்தபோது எல்லாரும் இருந்தார்கள். படகு தெரிந்தது. மஸ்தூரா வாயெடுக்கும் முன்பே ஷரோஃபத் கெண்டியைத் தூக்கினாள்.

"அத்தே, டீ ஆறிடுச்சு போல."

மஸ்தூரா கெண்டியின் மூக்கிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தாள். பிறகு மருமகளை, வெகுநேரம்.

"போயிட்டு வாம்மா" என்றாள். "நல்லாக் கொதிக்கட்டும். அவசரமில்ல."