மூன்றாவது பெல்ட்

அந்தத் தெருவில் அவளுக்கு 'ஏனக்கா' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருந்தது, அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. பால் திரிந்தால் ஏன், குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வந்தால் ஏன், எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சிரிக்காவிட்டால் அதற்கும் ஏன். "அது அப்படித்தான்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது, அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இவளைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிக் காலம் தள்ளுகிறாரோ என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அந்த மனுஷன் தையல்காரர். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, பாதிக் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டித் தப்பித்துக்கொள்வார்.

அவள் வேன் ஓட்டினாள். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து ஏற்றிப்போய், டயாலிசிஸ் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. வேன் கிழடுதான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நாளிலேயே, இது என் வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிகிச்சை முடிந்து துவண்டு வருகிறவர்களைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஃபேன் பெல்ட் நடு ரோட்டில் கழன்றுபோய் வேன் இரண்டு தடவை நின்றுவிட்டது. இரண்டாவது தடவை, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெயிலில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி மேலாளர் கூப்பிட்டுத் தன்மையாகவே சொன்னார். இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது. இந்த நிலைமையில், புதிதாகப் போட்ட பெல்ட்டும் நேற்று வழுக்க ஆரம்பித்திருந்தது.

இன்று அவளுக்கு ஓட்டமில்லை. காலையிலேயே வேனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்று சொல்வதால் அவனுக்கு 'பாக்கலாம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த வேனில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி மாட்டிவிட்டு, டைனமோவைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை உருவினான். விரலால் அழுத்திப் பார்த்தவன் முகம் சுளித்தான்.

"ரப்பர் ஊறிப்போச்சுக்கா. தொட்டா மெத்து மெத்துன்னு இருக்கு பாருங்க."

"ஏன் ஊறுது தம்பி?"

"எண்ணெய். எண்ணெய் பட்டா ரப்பர் உப்பும், புல்லிய பிடிக்காம வழுக்கும். எஞ்சின்ல எங்கயோ ஒழுகுது."

"எங்க?"

"பாக்கலாம்."

பார்த்தார்கள். அவன் தலையை விட்ட இடத்திலெல்லாம் அவளும் டார்ச்சோடு தலையை விட்டாள். வால்வு மூடி, சீல், பம்ப் என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார்கள். எல்லாம் காய்ந்து புழுதி படிந்து கிடந்தது. பெல்ட் சுற்றி ஓடுகிற சக்கரங்களான புல்லிகளின் பள்ளங்களில் மட்டும் ஈரம் மினுங்கியது. ஒழுகலே இல்லாமல் எண்ணெய் எங்கிருந்து வரும்? ஒரு துணியில் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எஞ்சின் எண்ணெய் என்றால் கறுத்திருக்க வேண்டும். இது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"இது ஏன் வெள்ளையா இருக்கு?"

பாக்கலாம் தலையைச் சொறிந்தான். "எனக்கே புரியலக்கா. ஆனா ஒண்ணு, ஒழுகலைக் கண்டுபிடிக்காம நான் பெல்ட் மாட்ட மாட்டேன். மாட்டினா அதுவும் போயிடும். அப்புறம் நீங்க என் சட்டையப் பிடிப்பீங்க."

அது நியாயம்தான். இருந்தாலும் பெல்ட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று அவள் கிளம்பப் பார்த்தாள். அதிலும் ஒரு சிக்கல். பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருந்த எண் எண்ணெயில் கரைந்து போயிருந்தது. ஊறிப்போன பெல்ட்டை வைத்து அளவெடுக்கவும் முடியாது. போன தடவை வாங்கி வந்த பாக்கலாமுக்கோ எண் ஞாபகமில்லை.

"கடையில வண்டி பேரைச் சொன்னா தருவாங்கக்கா."

"ஏசியைத்தான் பழைய சொந்தக்காரர் கழட்டிட்டாரே. வண்டி பேருக்குத் தர்ற பெல்ட் ஏசியையும் சேத்துச் சுத்துற மாதிரி பெருசா இருக்காதா?"

"ஆமால்ல" என்றான் அவன்.

அவள் கைப்பையைத் துழாவி ஓர் அளவு நாடாவை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஜன்னல் திரைக்கு அளவெடுத்து வரச் சொல்லித் தையல்காரர் கொடுத்தனுப்பியது, திருப்பித் தர மறந்திருந்தாள். டைனமோவை உள்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, பெல்ட் ஓடுகிற வழியிலேயே நாடாவைப் புல்லிகளைச் சுற்றி விட்டு இழுத்துப் பிடித்தார்கள். இடுப்பளவு எடுக்கிற நாடா எஞ்சினுக்கும் அளவெடுத்தது. பாக்கலாம் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை, அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பெல்ட் கடைக்காரர் கொக்கியிலிருந்து இரண்டை உருவிக் கல்லா மேசையில் போட்டார். அவளுடைய அளவுக்கு ஒன்று கொஞ்சம் கூடுதல், இன்னொன்று ஒட்டினாற்போல் சரி.

"நீளமானது மாட்டச் சுலபம்மா" என்றார்.

"மாட்டினப்புறம்? ஓட ஓடப் பெல்ட் கொஞ்சம் தளருமே, அப்போ டைனமோவை இழுத்து வைக்க எடம் இருக்குமா?"

"அது கம்மியாத்தான் இருக்கும்."

"அப்போ அதை ஏண்ணே எடுத்துக் காட்டுறீங்க?"

கடைக்காரர் சின்னதை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை வளைத்துப் பார்த்தாள், பக்கவாட்டில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். புது ரப்பர் வாசனை.

ஷெட்டுக்குத் திரும்பியதும், ஏனென்று தெரியாமலே பழைய பெல்ட்டையும் எடுத்து மோந்தாள். ரப்பரோடு வேறொரு வாசனையும் லேசாக வந்தது. எங்கேயோ பழகிய வாசனை. எங்கே, எங்கே என்று யோசித்துக்கொண்டே அளவு நாடாவைச் சுற்றிப் பைக்குள் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். எஞ்சினில் படாத நாடாவின் அடிமுனையிலும் அதே வாசனை. தினமும் சாப்பிட உட்காரும்போது பக்கத்திலிருந்து வருகிற வாசனை. தையல் மெஷின் எண்ணெய்.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை நாள் ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தாள்.

"தம்பி, புல்லியெல்லாம் சோப்புத் தண்ணி போட்டு நல்லாத் துடைச்சிட்டுப் புதுசை மாட்டுங்க. இனிமே எண்ணெய் வராது."

"கண்டுபிடிச்சிட்டீங்களா? எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும். தையல்காரர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"ஏன் எங்கன்னு கேக்காதீங்க. மாட்டுங்க."

ஏனக்கா வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு என்று பாக்கலாம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு புல்லிகளைத் துடைத்துவிட்டு மாட்டினான். இழுத்து முறுக்கிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தி அளவாக அமுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

வீட்டு முன்னறையில் தையல்காரர் ஒரு பேண்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் குப்பி மெஷின் மேல் அதன் இடத்தில் இருந்தது. வழியெல்லாம் சண்டைக்குத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் அவளுக்கு வரவில்லை.

"ஏங்க, வேன் பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

அவர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இந்தத் தடவை தலையாட்டித் தப்பிக்கவில்லை.

"தினம் விடுறேன். விடியக்காலைல, நீ குளிக்கப் போறப்ப. சீட்டைத் தூக்கி நாலு சொட்டு."

"ஏன்?"

"வண்டி வாங்கின புதுசுல கிளப்பினதும் கிரீச்சுன்னு கத்துச்சே, ஞாபகம் இருக்கா? தெருவே சிரிச்சுது. நீ தலையக் குனிஞ்சுக்கிட்டே போனே. எப்பவும் திரும்பிப் பாத்துக் கையாட்டுவே, அன்னைக்கு ஆட்டல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கத்துற மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், அதான் தெரியும். விட்டேன், சத்தம் நின்னுடுச்சு."

சத்தம் நின்றது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. அது ஏன் நின்றது என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. நல்லது நடந்தால் யார் கேட்கிறார்கள்?

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுங்க. ஊறிப்போய்க் கழண்டுக்கும்."

அவர் கை மெஷின் சக்கரத்தின் மேலேயே நின்றது. "அப்போ அந்த ரெண்டு தடவை..."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவளால் முடியவில்லை.

"ஆமா. அதனாலதான்."

"அந்தப் பெரியவர் வெயில்ல..." என்றவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்களைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளும் தனக்காக ஒருவர் இருட்டோடு எழுந்து சீட்டைத் தூக்கியிருக்கிறாரே என்று நினைத்தபோது கண் கலங்கியது. ஆறுதல் சொல்லத்தான் அவளுக்கு வராது. கேள்வி கேட்கத்தான் வரும்.

மறுநாள் காலையில் அவள் வேனைக் கிளப்பினாள். எஞ்சின் சீராக ஓடியது. தையல்காரர் வாசலில் வெறுங்கையோடு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் இறங்கி வந்து, நோயாளிகள் ஏறுகிற பக்கக் கதவை இழுத்தாள். அது வழக்கம்போல் முனகிக்கொண்டு பாதியில் நின்றது.

"ஏங்க, இந்தக் கதவு கத்துதே, இதுக்கு எண்ணெய் விட மாட்டீங்களா?"

அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு குப்பியை எடுத்துவர உள்ளே ஓடினார்.