அருளப்பன் பட்டறைக்குக் கரண்டை நிறுத்தியவர்கள்

அருளப்பன் இறந்த செய்தியைப் பால்காரர்தான் கொண்டுவந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே மார்வலி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மாலையோடு போனேன். நம் தெருவே அங்கே நின்றது. "யாரு வம்புக்கும் போகாத மனுசன்" என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வம்புக்குப் போகவில்லை ஐயா, நாம் போனோம்.

அணை வேலை முடிந்து ஏலம் விட்ட பழைய வெல்டிங் மெஷின் ஒன்றை அவர் மாட்டுவண்டியில் ஏற்றிவந்து நம் தெருவில் பட்டறை போட்டது நினைவிருக்கிறதா? அது த்ரீ பேஸ் மெஷின். நம் தெருவுக்கு வந்ததோ வீட்டு விளக்குக்கான சிங்கிள் பேஸ். "கரண்டு மாறாது. மெஷினத்தான் மாத்தணும்" என்றார். உள்ளே இருந்த கம்பிச் சுற்றைப் பிரித்து, தடித்த செப்புக் கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றினார். மூன்று தடவை புகைந்தது. நான்காவது தடவை ஓடியது. சித்தையன்கோட்டைக்காரர்கள் விரிசல் விட்ட பம்புசெட் குழாயைத் தூக்கிவந்து, ஒட்டவைத்து, அன்றே பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

அவர் பற்றவைத்தால் நம் வீட்டு பல்பெல்லாம் மங்கும். அது அவருக்கும் தெரியும். தண்டவாளத் துண்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் தொடங்குவார். ரேடியோ வைத்திருப்பவர்கள் அணைத்துக்கொள்ளலாம். விளக்கு வைக்கும் நேரத்தில் நிறுத்திவிடுவார். "பிள்ளைக படிக்கட்டும். இரும்பு நாளைக்கும் ஒட்டும்" என்பார்.

இவ்வளவு பார்த்து நடந்த மனிதரின் மெஷின் நம் வீட்டுக் கரண்டை உறிஞ்சுகிறது என்று மின்சார ஆபீசில் மனு போட்டோம். முட்டாள்கள்! பல்பு மங்கினால் நம் கரண்டு அவர் பட்டறைக்கு ஓடுகிறது என்று யார் சொன்னது? விவரம் தெரிந்த ஒருவரையாவது கேட்டோமா? தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. எழுதிக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூட குமாஸ்தா, எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர் வாங்கியவன். லைனைத் துண்டித்துவிட்டார்கள்.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். "மனுவ ஆபீஸ்ல காட்டுனாங்க சார். ஒங்க எழுத்து எனக்குத் தெரியாதா, அம்புட்டு அழகு. லைனத் திரும்பக் கேட்டு எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை. கடையில் வாங்கிய வெள்ளைத்தாளை நீட்டினார். தெருவுக்குப் பயந்து "நாளைக்கு வாங்க" என்றேன். மூன்று நாள் வந்தார். பிறகு மெஷினை விற்றுவிட்டு ஆலை வேலைக்குப் போனார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.